25 நாள் 'கரண்ட்' 5 நாளில் முடியுமா? புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சியும் ஓசூர் தொழிலாளியும்

ஓசூர்:

ராத்திரி 11 மணிக்கு ஒரு தடவை. 1 மணிக்கு ஒரு தடவை. 3 மணிக்கு இன்னொரு தடவை. பாத்ரூமில் போய் நின்றால் உடனே வருவதில்லை. வந்தாலும் சொட்டுச் சொட்டாக... முழுசாகப் போன திருப்தி இல்லை.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டக்கூடாதா?" என்று வீட்டம்மா கேட்கிறார்.

"வயசானா அப்படித்தான். பேசாம படு" என்கிறார் அவர்.

ஓசூரில் இன்று பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. காரணம் இருக்கிறது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980-களில் இந்த ஊரில் மெஷின்கள் ஓட ஆரம்பித்தபோது இருபது, இருபத்தைந்து வயதில் 'ஷிப்டு'க்கு சேர்ந்தவர்கள் இப்போது 60-ஐ தாண்டி விட்டார்கள். சிப்காட்டை சுற்றி இருந்த சின்னச் சின்ன பட்டறைகளில் லேத் ஓட்டியவர்களுக்கும் அதே வயதுதான். தலைமுறையே மொத்தமாக ரிடயர்டு ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. புராஸ்டேட் தொல்லை கொடுக்கிற வயதும் சரியாக இதுதான்.

முதலில் ஒரு ஆறுதல். ராத்திரியில் அடிக்கடி எழுந்திருக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இது வெறும் வீக்கம்தான்.

நெல்லிக்காய் அளவு சுரப்பி

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப் பைக்கு கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். சிறுநீர்க் குழாய் இதன் நடுவில் துளைத்துக்கொண்டு போகிறது. வயசாக வயசாக குழாயை ஒட்டிய உள்பகுதி வீங்கும். குழாயை நெருக்கும். சிறுநீர் தடைபடும். இது சாதாரண வீக்கம். மாத்திரையிலோ, சின்ன ஆபரேசனிலோ சரியாகி விடும்.

புற்றுநோய் பெரும்பாலும் ஆரம்பிப்பது வேறு இடத்தில். சுரப்பியின் வெளிப்புறத்தில். அங்கே கட்டி வளர்ந்தால் குழாயை உடனே அழுத்தாது. அதனால் ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் தெரியாது. வலி இல்லை, ரத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த நோயின் தந்திரமே இதுதான்.

பிறகு எப்போது தெரிகிறது? பலருக்கு எலும்பில் பரவிய பிறகு. இடுப்பு வலி, முதுகு வலி என்று வரும். "முப்பது வருஷம் மெஷின்ல நின்னேன், வலிக்காம இருக்குமா?" என்று அவரே காரணமும் சொல்லிக்கொள்வார். எண்ணெய் தேய்ப்பார், பெல்ட் போடுவார், வலி மாத்திரை வாங்கிப் போடுவார். மாதக்கணக்கில் ஓடிவிடும்.

60 வயதுக்கு மேல், ராத்திரியில் படுத்தாலும் விடாத முதுகு வலி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் "புராஸ்டேட்டையும் பார்த்து விடுங்கள்" என்று நீங்களே வாய் திறந்து கேட்கலாம். முதுகு வலியோடு கால் மரத்துப் போகிறது, நடக்கும்போது துவள்கிறது என்றால் நாள் பார்க்கக் கூடாது. முதுகெலும்பில் பரவிய கட்டி நரம்பை அழுத்தும்போது இப்படி ஆகும். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. நாலு நாள் கழித்துப் போனால் படுத்த படுக்கைதான்.

எத்தனை பேருக்கு?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2022-ம் ஆண்டுக்குப் போட்ட கணக்குப்படி, இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் சுமார் 38 ஆயிரம் பேருக்கு புதிதாக புராஸ்டேட் புற்றுநோய் வந்திருக்கிறது. உலகம் முழுக்க 14 லட்சத்துக்கு மேல். 2020-ல் 14 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2040-ல் 29 லட்சமாகும் என்று 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் சொன்னது. மக்கள் அதிக நாள் வாழ்வதுதான் முக்கியக் காரணம்.

அரசு வீடு தேடி வந்து பரிசோதிக்கிறதே என்று கேட்பீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி பக்கத்து சாமனப்பள்ளியில்தான். ஆனால் பி.பி., சுகர் பார்ப்பது போல புராஸ்டேட் பார்ப்பது கிடையாது. நாடு முழுக்க அரசு நடத்தும் புற்றுநோய் கண்டறியும் திட்டத்திலும் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றுதான் உண்டு. புராஸ்டேட் இல்லை. ஏன் இல்லை? அலட்சியம் என்று நினைத்து விடாதீர்கள். இதில் உலகமே முப்பது வருடமாகக் குழம்பிக் கொண்டிருக்கிறது.

ரத்தப் பரிசோதனை என்ன சொல்லும்?

பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. ஓசூர் லேபுகளில் சில நூறு ரூபாயில் எடுக்கிறார்கள். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். அதில் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். அளவு 4-க்கு மேல் போனால் டாக்டர்கள் கவனிப்பார்கள்.

ஆனால் அளவு ஏறினாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. சாதாரண வீக்கத்திலும் ஏறும். சிறுநீரில் கிருமி இருந்தால் ஏறும். சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட்டால் ஏறும். இப்படி 12, 15 என்று வந்த ரிப்போர்ட்டை பார்த்து குடும்பமே சாப்பிடாமல் கிடந்து, கிருமிக்கு மருந்து சாப்பிட்ட பிறகு மறுபடி எடுத்தால் 3 என்று வருவதும் உண்டு.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் இருக்கிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கு பினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு என்று மாத்திரைகள் தருகிறார்கள். ஆறு மாதம் போல சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. அளவு பாதியாகக் குறைந்து விடும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தாலும் உண்மையில் அது 6. முடி கொட்டுவதற்கு தரும் மாத்திரையிலும் இதே மருந்து உண்டு. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லாமல் இருந்தால் ரிப்போர்ட் உங்களையும் ஏமாற்றும், அவரையும் ஏமாற்றும்.

சரி, எல்லோரும் இந்தப் பரிசோதனையை எடுத்தால் சாவு குறையுமா?

ஐரோப்பாவில் 8 நாடுகளில், 55 முதல் 69 வயதுக்குள் இருந்த 1 லட்சத்து 62 ஆயிரம் ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அவ்வப்போது பி.எஸ்.ஏ. எடுக்க அழைப்பு. மறுபாதிக்கு இல்லை. 23 வருடம் விடாமல் கணக்கு பார்த்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். அழைக்கப்பட்டவர்களில் புராஸ்டேட் புற்றுநோய் சாவு 13 சதவீதம் குறைவு. 456 பேரை அழைத்தால் ஒரு உயிர் மிச்சம்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி பார்த்தார்கள். 4 லட்சம் ஆண்கள். ஒரு தரப்புக்கு ஒரே ஒரு தடவை மட்டும் பி.எஸ்.ஏ. எடுக்க அழைப்பு. 15 வருடம் கழித்து 2024-ல் வந்த முடிவு: அழைக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு சுமார் 7 பேர் இறந்திருந்தார்கள், மற்றவர்களில் சுமார் 8 பேர். வித்தியாசம் உண்டு. ரொம்பச் சின்னது.

கல்யாண மண்டபத்தில் பந்தல் போட்டு நடத்தும் 'முழு உடல் பரிசோதனை' முகாம்களில் 35 வயது பையனுக்கும் பி.எஸ்.ஏ. எடுத்து பில்லில் சேர்க்கிறார்கள். அந்த வயதில் இது தண்டச் செலவு. 50 வயதுக்கு மேல் ஆனவர், அல்லது அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்து 45-ஐ தொட்டவர், டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம். 70-ஐ தாண்டி தொந்தரவு ஏதும் இல்லாதவருக்கு வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்க அரசின் நிபுணர் குழு 2018-ல் சொன்னது. தொந்தரவு இருக்கிறவர் கதை வேறு. அவர் எந்த வயதிலும் காட்ட வேண்டும்.

ஊசிக்கு முன் ஸ்கேன்

பி.எஸ்.ஏ. ஏறியிருந்து, டாக்டர் ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்த்ததிலும் சந்தேகம் என்றால் அடுத்தது 'பயாப்சி'. ஊசியால் சுரப்பியில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் சதைத் துணுக்கு எடுப்பார்கள். விரல் பரிசோதனைக்கு வெட்கப்பட்டே திரும்பி வந்தவர்கள் நம்ம ஊரில் அதிகம். அரை நிமிட வேலை அது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முன்பெல்லாம் சந்தேகம் என்றாலே நேராக ஊசிதான். 2017-ல் இங்கிலாந்தில் 576 ஆண்களிடம் செய்த ஆய்வு இதை மாற்றியது. முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நாலில் ஒருவருக்கு மேல் ஊசியே தேவைப்படாது என்று தெரிந்தது. வசதி உள்ள ஆஸ்பத்திரிகளில் இப்போது ஸ்கேன்தான் முதலில்.

பயாப்சி ரிப்போர்ட்டில் 'கிளீசன்' என்று ஒரு எண் இருக்கும். 6 முதல் 10 வரை. 6 என்றால் சாதுவான கட்டி. 9, 10 என்றால் முரட்டுக் கட்டி. ரிப்போர்ட் கையில் வந்ததும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இதுதான்.

சாதுவான கட்டியை என்ன செய்வது? இதற்கும் இங்கிலாந்தில்தான் பெரிய ஆராய்ச்சி நடந்தது. பி.எஸ்.ஏ. மூலம் ஆரம்பத்திலேயே நோய் தெரிந்த 1,643 பேர். குலுக்கல் முறையில் மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு ஆபரேசன். ஒரு குழுவுக்கு கதிர்வீச்சு. மூன்றாவது குழுவுக்கு எதுவும் செய்யாமல் தொடர்ந்து கண்காணிப்பு மட்டும். 15 வருடம் கழித்து 2023-ல் பார்த்தால், மூன்று குழுவிலும் 100-க்கு 97 பேர் இந்த நோயால் சாகவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது கொஞ்சம் அதிகம்தான். நூற்றுக்கு 9 பேர். மற்ற குழுக்களில் 5 பேர். ஆனால் சாவில் பெரிய வித்தியாசம் இல்லை.

புற்றுநோய் என்ற வார்த்தையை கேட்டதும் "நிலத்தை விற்றாவது நாளைக்கே ஆபரேசன்" என்று பதறும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே நேரம், எலும்பு வலியோடு வந்த அப்பாவுக்கு இந்தக் கணக்கைப் பொருத்தவும் கூடாது. அது ஆரம்ப கட்டத்தில் பிடித்தவர்களின் கணக்கு. நம்ம ஊரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் முற்றிய பிறகு வருகிறவர்கள்.

கரண்ட் வைப்பது எத்தனை நாள்?

கதிர்வீச்சு சிகிச்சையை நம்ம ஜனங்கள் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஷாக் அடிக்காது, வலிக்காது. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி படுத்து எழுந்தால் முடிந்தது.

பிரச்சினை வலியில் இல்லை, நாட்களில் இருக்கிறது. பழைய முறையில் ஏழு, எட்டு வாரம். வாரத்துக்கு ஐந்து நாள். இப்போது பல இடங்களில் நான்கைந்து வாரமாகக் குறைத்திருக்கிறார்கள்.

ஓசூர்க்காரர்கள் இதற்குப் பெரும்பாலும் பெங்களூர் போகிறார்கள். 1973-ல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பதே பெங்களூரின் ஓசூர் ரோட்டில்தான். இங்கிருந்து சுமார் 35 கிலோ மீட்டர். ஆனால் அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் அரை நாள் முடிந்து விடும். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டியில் இருந்து வருகிறவர் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். கூட வரும் மகனுக்கும் அன்றைக்கு சம்பளம் இல்லை. 25 நாள் என்றால் ஒரு வீட்டில் இரண்டு பேருடைய ஒரு மாத வருமானம். பாதியில் நிறுத்தி விட்டு வருகிறவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்பதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

இந்த நாட்களைக் குறைக்க முடியுமா? இங்கிலாந்து, அயர்லாந்து, கனடாவில் 874 பேரிடம் செய்து பார்த்தார்கள். ஒரு தரப்புக்கு வழக்கம்போல 20 அல்லது 39 தடவை. மறு தரப்புக்கு ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டி வெறும் 5 தடவை. 2024-ல் முடிவு வந்தது. ஐந்து வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள்: 5 தடவை வைத்தவர்களில் நூற்றுக்கு 96 பேர், நிறைய தடவை வைத்தவர்களில் 95 பேர். இரண்டும் ஒன்றுதான்! சிறுநீர் தொந்தரவு மட்டும் 5 தடவை தரப்பில் கொஞ்சம் அதிகம். நூற்றுக்கு 27 பேருக்கு. மற்ற தரப்பில் 18 பேருக்கு.

ஆனால் ஒரு 'ஆனால்' உண்டு. அந்த 874 பேரும் நோய் சுரப்பியை விட்டு வெளியே போகாதவர்கள். கட்டி முற்றி, பக்கத்து நெறிகள் வரை போன நம்ம ஊர் நோயாளிக்கு இது பொருந்துமா?

அந்தக் கேள்வியை கையில் எடுத்தது மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி. 'பிரைம்' என்று பெயர் வைத்த ஆய்வு. ஆபத்து அதிகம் உள்ள கட்டியும், இடுப்பு நெறிகளில் பரவலும் உள்ள 434 பேரைச் சேர்த்து, 25 நாள் சிகிச்சையையும், ஏழு முதல் பத்து நாளுக்குள் முடியும் 5 தடவை சிகிச்சையையும் ஒப்பிடும் திட்டத்தை 2020-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வெளிநாட்டு ஆராய்ச்சியில் நம்மைப் போன்ற நோயாளிகள் இல்லை, அதனால் நாமே செய்து பார்ப்போம் என்ற யோசனை இது. பாராட்ட வேண்டியது.

அதே டாடா ஆஸ்பத்திரி இதற்கு முன் செய்த இன்னொரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதில் 'கம்மி'யை விட 'கூட' நல்லது என்று முடிவு வந்தது. 2011-ல் இருந்து 2017 வரை 224 பேர். எல்லோருக்கும் ஆபத்து அதிகம் உள்ள கட்டி. பாதிப் பேருக்கு புராஸ்டேட்டில் மட்டும் கதிர்வீச்சு. மீதிப் பேருக்கு இடுப்பு நெறிகளுக்கும் சேர்த்து. ஐந்து வருடம் கழித்து, நெறிகளுக்கும் சேர்த்து வைத்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு பி.எஸ்.ஏ. மறுபடி ஏறவில்லை. சுரப்பிக்கு மட்டும் வைத்தவர்களில் அது 81 சதவீதம். ஆனால் சிறுநீர்த் தொல்லை கூடுதல் சிகிச்சையில் நூற்றுக்கு 20 பேருக்கு வந்தது. மற்றவர்களில் 9 பேருக்கு. உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கையில் அந்த ஐந்து வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2021-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்க டாக்டர்கள் பேசும் முடிவாகி விட்டது.

உங்கள் டாக்டர் "நெறிகளுக்கும் சேர்த்து வைக்கணும்" என்று சொன்னால் பில்லை ஏற்றுவதற்காகச் சொல்கிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். "எங்கப்பாவுக்கு 5 தடவையில முடிக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்கவும் தயங்க வேண்டாம். எல்லோருக்கும் முடியாது, எல்லா மெஷினிலும் முடியாது. கேட்டால் காரணமாவது தெரியும்.

நாலு மாத்திரையா, ஒரு மாத்திரையா?

எலும்பில் பரவி விட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வருடக்கணக்கில் ஓட்டலாம்.

புராஸ்டேட் கட்டிக்கு தீனி, விதையில் சுரக்கும் ஆண் ஹார்மோன். அந்த சுரப்பை நிறுத்தினால் கட்டி சுருங்கும். சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் இதை 1941-ல் காட்டினார். 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் பரவிய நோய்க்கு அடிப்படை இதுதான்.

நிறுத்த இரண்டு வழி. மாதம் ஒன்றோ, மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி. விலை அதிகம், காலம் முழுக்கப் போட வேண்டும். இல்லாவிட்டால் விதைகளை எடுக்கும் சின்ன ஆபரேசன். ஒரே தடவை, செலவு குறைவு, அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம். பலன் இரண்டிலும் ஒன்றுதான். ஆபரேசன் என்றதும் "ஆம்பளைத்தனம் போயிடுமே" என்று முகம் சுருங்குகிறது. ஊசி போட்டாலும் தாம்பத்திய ஆசை குறையத்தான் செய்யும். இதை முன்கூட்டியே வீட்டம்மாவையும் வைத்துக்கொண்டு சொல்லி விடுவது நல்லது என்பது என் கருத்து. வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இதோடு 'அபிராடிரோன்' என்ற மாத்திரையை சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். சாவு ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

முழு அளவு 1000 மில்லிகிராம். அதாவது 250 மில்லிகிராம் மாத்திரை நாலு, தினமும் வெறும் வயிற்றில். மாதம் 120 மாத்திரை. ஒரு விசித்திரம் என்னவென்றால், இதைச் சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் பல மடங்கு ஏறும். கம்பெனி, வெறும் வயிறு என்று எழுதி விட்டது. சிகாகோ பல்கலைக்கழக டாக்டர்கள் யோசித்தார்கள். வெறும் வயிற்றில் நாலைப் போட்டு வீணாக்குவதை விட, டிபனோடு ஒன்றைப் போட்டால் என்ன? 72 பேரிடம் செய்து பார்த்தார்கள். 2018-ல் முடிவு: பி.எஸ்.ஏ. குறைவதில் நாலு மாத்திரைக்கு ஒரு மாத்திரை சளைக்கவில்லை.

மாதம் 120-க்கு பதில் 30 மாத்திரை! 72 பேர் என்பது சின்ன ஆய்வு என்பதும் உண்மை. அதனால் எல்லா டாக்டர்களும் ஒத்துக்கொள்வதில்லை. முழு அளவு வாங்க முடியாமல் மருந்தையே நிறுத்தப் போகும் நோயாளிக்கு இது ஒரு வழி என்று எழுதிக் கொடுக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் நீங்களாகவே நாலை ஒன்றாக்கினாலும் ஆபத்து, நாலையும் சாப்பாட்டோடு போட்டாலும் ஆபத்து. ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். டாக்டரிடம் "மாதம் இவ்வளவுதான் முடியும் சார்" என்று கையில் இருப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

எங்கே போவது? கார்டு இருக்கிறதா?

கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. முதல் பரிசோதனைகளுக்கு பெங்களூர் ஓட வேண்டியதில்லை. புற்றுநோய் என்று உறுதியானால் கித்வாய், வேலூர் சி.எம்.சி., 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி, காஞ்சீபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று வழிகள் உண்டு.

ரிடயர்டு ஆன பலருக்கு தெரியாத விஷயம் ஒன்று. குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது நிறைந்து ஓய்வு பெற்றவர் வருடம் 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். வேலையை விட்டதும் கார்டைத் தூக்கிப் பரணில் போட்டவர்கள் இறக்கித் தூசு தட்டுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், கர்நாடக ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறும் முன், அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா என்று கலெக்டர் ஆபீசில் கேட்டு விட்டுப் போங்கள். அங்கே போய் கவுண்டரில் நின்று தெரிந்துகொள்வது ரொம்பக் கொடுமை.

'நம்மளை எலி ஆக்குறாங்களா?'

பெரிய ஆஸ்பத்திரியில் "ஆய்வில் சேர்கிறீர்களா?" என்று கேட்டால் பலர் பயந்து எழுந்து வந்து விடுகிறார்கள். சந்தேகம் நியாயம்தான். ஆனால் மேலே சொன்ன அத்தனை விஷயமும், மும்பையில் சேர்ந்த அந்த 224 பேர் மாதிரி யாரோ ஒத்துக்கொண்டதால் தெரிய வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ல் இருந்து இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கும் மருந்து ஆய்வுகளை மத்திய அரசின் இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2019-ல் வந்த புதிய விதிகளின்படி, புது மருந்து ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஆய்வு நடத்தக் கூடாது. சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். நமக்கு கன்னடம் பேச வரும். பலருக்குப் படிக்க வராது. பெங்களூரில் நீட்டுகிற ஒப்புதல் படிவம் கன்னடத்திலோ, இங்கிலீசிலோ இருந்தால் "எங்க கையெழுத்து?" என்று கேட்டு போட்டு விட்டு வரக் கூடாது. தமிழில் கேளுங்கள். வீட்டில் தெலுங்கு படிக்கிறவர் இருந்தால் தெலுங்கில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை. ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போய் மகளிடம் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகு உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும். அதை வாங்கி, பழைய பி.எஸ்.ஏ. சீட்டுகளோடும் பயாப்சி ரிப்போர்ட்டோடும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை டாக்டர் மாறினாலும் பை மாறாது.